ஏறுவதற்கு ஒரு கல்

இடது கால் மைல் கல்லின் மேல் இருக்கிறது. வலது கால் பாரைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பெடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில், சைக்கிளின் மேல் நான் இருக்கிறேன். இரண்டாம் உலக யுத்த காலம். காலை வெயில். கல்லுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் உள்ளங்கால் வெள்ளையாகிவிட்டது.

இடது காலை எடுத்தால் சைக்கிள் ஓடும். அது எனக்கும் தெரியும், சைக்கிளுக்கும் தெரியும். எடுக்கத்தான் மனசு வரவில்லை.

திருமுல்லைவாயில் பக்கமிருந்து கீரைக்கட்டு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மாட்டை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, ஏறப் போறியா, எறங்கப் போறியா?"

"ஏறப் போறேன்."

"அதுக்குக் கல்லு இன்னாத்துக்கு? குதிரையா அது?"

"பழக்கம்" என்றேன்.

"செரி, கல்லு இல்லாத எடத்துல இன்னா பண்ணுவே?"

ஈரக் கீரை வாசனை என் மூக்கில் ஏற, வண்டி நகர்ந்து போய்விட்டது. மனிதர் சும்மா கேட்டுவிட்டுப் போனார். நான் கல்லின் மேலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் இன்னும் எட்டு நாளில் எனக்கு ஆவடி ராணுவ முகாமில் ஒரு பரீட்சை இருந்தது. அங்கே கல் இருக்குமா என்று யாரைக் கேட்பது?

துப்பாக்கி பிடித்த கை

'யுத்தத்தில் வேலை பார்த்ததாக எழுதுகிறீர்களே, எந்தப் போர்முனையில் துப்பாக்கி பிடித்தீர்கள்?' என்று இந்தத் தொடரைப் படிக்கிற வாசகர் ஒருவர் போன வாரம் கடிதம் போட்டிருந்தார். ஐயா, நான் பிடித்தது சைக்கிளின் ஹேண்டில் பாரைத்தான். அதைப் பிடிப்பதற்குள்ளேயே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, அம்பத்தூர் ஏரி காய்ந்து, மாடு மேய்கிற மைதானமாகிவிட்டது. ஏரியை நம்பிய எங்கள் நிலமும் காய்ந்தது. வீட்டில் மிச்சமிருந்தது ஒரு ஜோடி உழவு மாடு. அதையும் விற்றுவிடுவது என்று அப்பா முடிவு செய்து, பூந்தமல்லி சந்தைக்குப் போகிற தரகரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். மாடு போனால் மழை வந்தாலும் உழ முடியாது. பிறகு நாங்கள் எல்லாரும் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி கன்னியம்மாவின் அண்ணன் வேலாயுதம் வேப்பம்பட்டிலிருந்து வந்தான். ஆவடி முகாமில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தான். சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தான். அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் யோசிப்பார்கள், அவன் மனசில் இன்னொருத்திக்கு இடமே இல்லை என்று தோன்றும்.

"மாப்ளே, எங்க முகாம்ல சைக்கிள் ஆர்டர்லி எடுக்குறாங்கோ. ஒரு ஷெட்லேர்ந்து இன்னொரு ஷெட்டுக்குத் தபால் கொண்டுகினு போவணும். அவ்ளோதான். சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சாப் போதும்."

எல்லாரும் என் அப்பாவைப் பார்த்தோம். அப்பா கூரையைப் பார்த்தார்.

"நம்ம ஊட்டு ஆளுங்களுக்கு ஏறுற சமாச்சாரம் ஆவாது வேலாயுதம். உனக்குத் தெரியாதா?" என்றார்.

விழுந்தார் வீடு

தெரியாமல் என்ன? ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டுக்கு ஊரில் வைத்திருந்த பெயர் 'விழுந்தார் வீடு'. யாராவது வழி கேட்டால், 'அரச மரத்தாண்ட போயி, விழுந்தார் ஊடு எதுன்னு கேளு' என்பார்கள்.

என் கொள்ளுத் தாத்தா வைக்கோற்போரின் மேலிருந்து விழுந்தார். அது பெரிய விஷயமில்லை. விழுந்த இடத்தில் படுத்திருந்த மாடு மிரண்டு ஓடி, பக்கத்து வீட்டுச் சுவரை இடித்து, அந்தச் சுவர்த் தகராறு இரண்டு தலைமுறைக்கு நடந்தது. அதனால் ஊர் மறக்கவில்லை.

தாத்தா, பூந்தமல்லி சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டியில் தூங்கிப்போய், அயனம்பாக்கம் ஏரிக்கரைத் திருப்பத்தில் விழுந்தார். மாடுகள் கவலைப்படாமல் வீட்டுக்கு வந்துவிட்டன. வெறும் வண்டியைப் பார்த்துப் பாட்டி ஒப்பாரி வைக்க, ஊரே கூடி அழ, இரண்டாவது ஒப்பாரி நடந்துகொண்டிருக்கும்போது தாத்தா தோளில் துண்டோடு நடந்து வந்து, கூட்டத்தின் பின்னால் நின்று, "யாரு செத்தது?" என்று கேட்டாராம்.

அப்பா ஏற்ற மரத்திலிருந்து விழுந்தவர். கிணற்றுக்கு மேலே நீளமான மரம், அதன் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்தால் தண்ணீர் மேலே வரும். அதற்குப் பெயர்தான் ஏற்றம். நடந்தவர் நேராகக் கிணற்றுக்குள் போனார். தண்ணீர் இறைக்கப் போய், அவரையே இறைக்க வேண்டியதாயிற்று.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு சட்டமே போட்டுவிட்டார்கள். நாங்கள் மரம் ஏறக்கூடாது. பரண் ஏறக்கூடாது. திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஏணி வைத்தால் எங்கள் வீட்டு ஆட்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் நடந்தே போயிற்று. வண்டி காத்துக்கொண்டு நின்றது, அதன் பக்கத்திலேயே மாலையோடு நான் நடந்தேன். பெண் வீட்டார் இதை அடக்கம் என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

எனக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. சொல்லப்போனால் சௌகரியமாக இருந்தது. கஷ்டமான வேலை எது வந்தாலும் 'நமக்கு வராது' என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துகொள்ளலாம். பரம்பரையே சாட்சி சொல்லும்.

ஏரிக்குள் பாடம்

மாட்டை விற்பது என்ற பேச்சு வந்ததும்தான் அந்தச் சௌகரியம் போயிற்று. 'கத்துக்குறேன் மச்சான்' என்று வேலாயுதத்திடம் சொல்லிவிட்டேன். காய்ந்த ஏரிக்குள் கூட்டிக்கொண்டு போனான். தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. காலை எட்டு மணிக்கே கொதித்தது.

அந்தக் காலத்தில் சைக்கிள் ஏறுவது ஒரு வித்தை. ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலால் தரையைத் தள்ளித் தள்ளி ஓடி, வேகம் வந்ததும் காலைத் தூக்கிப் பின்பக்கமாகப் போட வேண்டும். நான் தள்ளினேன், ஓடினேன். தூக்குகிற நேரம் வந்ததும் என் கால் தூக்கவில்லை. கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா மூன்று பேரும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

இருபது தடவை ஓடிய பிறகு வேலாயுதத்துக்குப் பொறுமை போயிற்று. அவன் பத்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"மாப்ளே, ஒண்ணு பண்ணு. இந்த மதகுக் கல்லுமேல நின்னு, சொகுசா ஏறிக் குந்து. நான் தள்ளி வுடறேன்."

ஏறி உட்கார்ந்தேன். தள்ளினான். ஓடியது! நம்ப மாட்டீர்கள், நான் கொஞ்ச நேரத்தில் ஏரிக்குள் அரை மைல் ஓட்டிவிட்டேன். திரும்பி வந்து அதே மதகுக் கல்லில் காலை ஊன்றி இறங்கினேன். விழவில்லை. ஆகவே என் புத்தி உடனே ஒரு முடிவுக்கு வந்தது: எனக்குச் சைக்கிள் வரும், ஏறுவதும் இறங்குவதும்தான் வராது. அதற்குக் கல் வேண்டும்.

இந்த முடிவு எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது. வேலாயுதம் தங்கைக்காக விட்டுப்போன சைக்கிளில் சுற்றியதில், அடுத்த இரண்டு வாரத்தில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே என்னென்ன கல், எந்தெந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. மைல் கற்கள் நல்லவை. பாலத்துக் கைப்பிடிச் சுவர் உத்தமம். கோயில் பலிபீடம் சரியான உயரம், ஆனால் பூசாரி கத்துவார். நடுவில் ஆட்டு மந்தை வந்து நிற்க வேண்டியதானால் போச்சு. அடுத்த கல் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். எதிரே வருகிறவர்கள், 'பஞ்சரா நைனா?' என்று இரக்கமாகக் கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

கன்னியம்மாவின் கணக்கு

கீரை வண்டிக்காரர் கேட்டுவிட்டுப் போன அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். கருவாட்டையே வேண்டாம் என்று நகர்த்தினேன். கன்னியம்மாவுக்கு விஷயம் பெரிதென்று புரிந்துவிட்டது.

"இன்னாங்க ஆச்சு?"

சொன்னேன். முகாமில் கல் இருக்காது, என்னால் ஏற முடியாது, எங்கள் வீட்டு வரலாறு அப்படி என்று மூன்று பேர் கதையையும் முதலிலிருந்து சொன்னேன். அவள் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்.

"உங்க தாத்தா வண்டிலேர்ந்து வுழுந்தாரே, அப்புறம் எவ்ளோ வருசம் இருந்தாரு?"

"அது இருந்தாரு, ஒரு முப்பது வருசம்."

"கொள்ளுத் தாத்தா?"

"அவரு கெழவனாயி, தூக்கத்துல போனாரு."

"மாமா கெணத்துல வுழுந்தாரு. ஏறி வந்து இப்போ வாசல்ல குந்திகினு வெத்தல போட்டுகினு கீறாரு. ஊர்ல எவன் எவனோ தடுக்கி வுழுந்து செத்துப் போறான். உங்க ஊட்ல இவ்ளோ உசரத்துலேர்ந்து வுழுந்தும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. எனுக்கென்னமோ வுழுறதுல உங்கள அடிச்சிக்க ஆளே இல்லன்னு தோணுது. அப்புறம் இன்னாத்துக்கு பயப்படுறீங்க?"

அதே மூன்று கதைகள். இருபத்து நாலு வருஷமாகக் கேட்கிறேன். நாங்கள் எல்லாரும் கதையை விழுகிற இடத்தில் நிறுத்திவிடுவோம். இவள் வந்து ஒரு வருஷத்தில், எழுந்து வருகிற இடம் வரை கேட்டிருக்கிறாள். நகர்த்திய கருவாட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கல் கிடைக்குமா?

முகாமின் மைதானம் நான் பயந்தபடியே இருந்தது. உருளை ஓட்டிச் சமப்படுத்தி, ஒரு கூழாங்கல் கூட இல்லாமல் பெருக்கி வைத்திருந்தார்கள். உயரமாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேலூர்க்கார ஹவில்தார். துரை சொல்வதைத் தமிழில் சொல்ல அவர்தான்.

பரீட்சைக்கு வந்தவர்கள் மூன்று பேர். முதல் ஆள் பட்டாபிராம்காரன். அழகாக ஏறினான், அழகாக ஓட்டினான். திருப்பத்தில் செயின் கழன்று விழுந்துவிட்டான். எழுந்த கோபத்தில் சைக்கிளை ஓங்கி ஒரு உதை உதைத்தான். துரை பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். இரண்டாவது ஆள் அதைப் பார்த்துவிட்டு, வயிற்று வலி என்று சொல்லிப் போய்விட்டான்.

"ஏகாம்பரம்!" என்று ஹவில்தார் கூப்பிட்டார்.

போனேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. "சார், ஒரு கல்லு கெடைக்குமா?"

"கல்லா? யார் மண்டையை உடைக்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

தள்ளினேன், ஓடினேன், காலைத் தூக்கினேன். விழுந்தேன். எழுந்து துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். விழுந்தேன். மூன்றாவது தடவை முழங்கை சிராய்ந்தது. நாலாவது தடவை வேட்டி செயினில் சிக்கியது. மடித்துக் கட்டிக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம், விழுவது அவ்வளவு ஒன்றும் மோசமாக இல்லை. கன்னியம்மா சொன்னது சரிதான், எங்களுக்கு அது கை வந்த கலை. துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

ஐந்தாவது தடவை கால் அந்தப் பக்கம் போய் விழுந்தது. நான் சைக்கிளின் மேல் இருந்தேன்.

ஓட்டினேன். மைதானத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில்தான் ஞாபகம் வந்தது, இறங்கவும் கல் இல்லை.

"போதும், இறங்கு!" என்று ஹவில்தார் கத்தினார். நான் அவரைக் கடந்து போனேன். அடுத்த சுற்றிலும் கத்தினார், அடுத்த சுற்றிலும் கடந்து போனேன். துரைக்கு என்ன தோன்றியதோ, ஒரு உறையைக் கையில் எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். போகிற போக்கில் வாங்கிக்கொண்டு, மைதானத்துக் கோடியில் ஷெட் வாசலில் நின்ற குமாஸ்தாவின் கையில் திணித்தேன். அவர் பதிலுக்கு ஒரு காகிதம் கொடுத்தார். திரும்பி வந்து, துரைக்கு நாலடி முன்னால், வேறு வழியில்லாமல், நானாகவே விழுந்தேன். காகிதத்தை மட்டும் மண் படாமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஏதோ சொன்னார். ஹவில்தார் என்னைத் தூக்கிவிட்டு, "நீ வுழுந்தாலும் தபால் வுழாதுன்னு சொல்றாரு. திங்கக்கெழமை வேலைக்கு வந்துடு" என்றார்.

தரகர் வந்த செவ்வாய்க்கிழமை அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். மாடுகள் எங்கள் கொட்டிலிலேயே நின்று வைக்கோல் தின்றன.

பிரசங்கி

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் ஓடிப்போய் ஏறுவேன், ஒரு கையை விட்டு ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் ஊர்க்காரர்களுக்கு நான்தான் வாத்தியார். என்னைவிடப் பெரியவர்கள் எல்லாம் வந்து விழுந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய என் அப்பாவையே ஒரு நாள் ஏற்றிவிட்டேன். ஒரு பனைமரத் தூரம் போய் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்.

யாராவது தயங்கினால் போதும், எனக்குத் தொண்டை திறந்துவிடும். "வராதுன்னு மட்டும் சொல்லாதே மாமே. எனுக்கு வந்துச்சே! எல்லாம் இங்க கீது" என்று நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டுவேன். கோயில் திண்ணையிலும் பேசினேன், ரயில் நிலையத்திலும் பேசினேன். கன்னியம்மா என்னிடம் கேட்ட கேள்வியை நானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அவள் பெயரை ஒரு இடத்திலும் சொன்னதில்லை. அது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

அப்படி ஒரு சாயங்காலம், பேசிக் களைத்து வீட்டுக்கு வந்தேன். கன்னியம்மா வாசலில் குந்திக்கொண்டிருந்தாள். நான் முகாமிலிருந்து கொண்டு வந்திருந்த தமிழ் நோட்டீஸ் ஒன்று அவள் மடியில் இருந்தது. கீழே கோலமாவில் ஏதோ இழுத்திருந்தாள். பார்த்தால், நோட்டீஸின் முதல் எழுத்து. கொஞ்சம் கோணலாக இருந்தது.

"இது இன்னா எழுத்துங்க?" என்றாள்.

"க."

"என் பேருல வர்ற க-வா?" அவள் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. "மீதியும் சொல்லிக் குடுக்குறீங்களா? நானும் படிக்கக் கத்துக்குறேன்."

நான் சிரித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலைக் கழுவிக்கொண்டே, "உனக்கு எங்கம்மே வரும்? அதெல்லாம் சின்ன வயசுல ஏறணும். இனிமே வராது" என்று சொன்னேன்.

"அதுவும் செரிதான்" என்றாள். மாவைக் கையால் அழித்துவிட்டுச் சோறு போட எழுந்து போனாள்.

இருபத்தோரு புள்ளிக் கோலத்தைக் கை எடுக்காமல் இழுக்கிற பெண் அவள். அந்தக் கைக்கு 'ன்' வராதா, 'னி' வராதா? அன்று எனக்கு இது தோன்றவில்லை. தோன்றுவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு நானாகச் சிலேட்டு வாங்கி வந்தேன், பேத்தியின் அரிச்சுவடியை எடுத்து வந்தேன், எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்பாள். இன்று வரை ரேஷன் கடையில் பெருவிரலில் மை தடவிக்கொண்டுதான் வருகிறாள். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இதற்குத்தான் எனக்கு மன்னிப்பு கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தொடரில் எழுதுவதையெல்லாம் அச்சுக்கு அனுப்பும் முன் அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். நேற்று இதையும் படித்தேன். தாத்தா கதைக்குச் சிரித்தாள். முகாமில் ஏறும்போது நான் விழுந்தது நாலு தடவை இல்லை, ஆறு தடவை என்று அன்றைக்கே தன் அண்ணன் சொல்லியிருப்பதாகத் திருத்தினாள். கோலமாவு இடம் வந்தபோது அவளைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நானா கேட்டேன்? இருக்காதுங்க. எனுக்குத்தான் எழுத்து வராதே" என்றாள்.